கடலில் விழுந்த பொம்மைகளும் கடலோட்டக் கணக்கும்

1992 ஜனவரி 10 அன்று, ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டகோமா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த 'எவர் லாரல்' என்னும் சரக்குக் கப்பல் வட பசிபிக்கின் நடுவில், சர்வதேசத் தேதிக் கோட்டுக்கு அருகே புயலில் சிக்கியது. கப்பல் பக்கவாட்டில் பலமாக ஆடியதில் மேல்தளத்தில் அடுக்கியிருந்த கண்டெய்னர்களில் 12 சரிந்து கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றுக்குள் இருந்தவை குழந்தைகள் குளிக்கும்போது வைத்து விளையாடும் பொம்மைகள். மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை என நான்கு பொம்மைகள் சேர்ந்தது ஒரு பொட்டலம். அப்படி 7,200 பொட்டலங்கள், மொத்தம் 28,800 பொம்மைகள். கண்டெய்னர் உடைந்தது, பொட்டலத்தின் அட்டை கடல்நீரில் ஊறிப் பிரிந்தது, பொம்மைகள் ஒவ்வொன்றாக விடுபட்டு மிதக்கத் தொடங்கின.

பத்து மாதம் அவற்றை யாரும் பார்க்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று, விழுந்த இடத்திலிருந்து சுமார் 3,200 கி.மீ. தள்ளி, அலாஸ்காவின் சிட்கா நகரத்துக் கடற்கரையில் முதல் பத்து பொம்மைகள் ஒதுங்கின. அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் அலாஸ்கா வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 850 கி.மீ. நீளத்துக்கு 400 பொம்மைகள் கிடைத்தன. உலகெங்கும் செய்தித்தாள்கள் இதைச் சிரிப்பூட்டும் துணுக்காக வெளியிட்டன. துணுக்குகளில் இடம்பெற்றது பெரும்பாலும் வாத்து மட்டுமே. மிதந்தவற்றில் முக்கால் பங்கு பீவரும் ஆமையும் தவளையும் என்பது மறந்துபோயிற்று. ரப்பர் வாத்து என்று எழுதியதும் பிழைதான். அவை கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனவை. பீய்ச்சி விளையாடும் ரப்பர் பொம்மைகளைப் போல அடியில் துளை இல்லாதவை. நீர் உள்ளே புக வழியில்லாததால்தான் அவற்றால் ஆண்டுக்கணக்கில் மிதக்க முடிந்தது.

துணுக்காக வந்த இந்தச் செய்தி, கடலோட்டத்தை ஆராய்பவர்களுக்குக் கிடைத்தற்கரிய ஒரு சோதனையின் முடிவாக இருந்தது. கடலின் மேற்பரப்பு நீர் எங்கே போகிறது என்று அறிய, நூறாண்டுகளுக்கு மேலாக இருந்த எளிய வழி பாட்டிலுக்குள் சீட்டு வைத்து மூடிக் கடலில் போடுவதுதான். கண்டெடுப்பவர் இடத்தையும் நாளையும் எழுதி அனுப்பினால் புறப்பாடு, வரவு என்னும் இரு புள்ளிகள் கிடைக்கும். ஆழ்கடலில் போட்ட பாட்டில்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் திரும்பும். எனவே சில நூறு பாட்டில்கள் போட்டால் கையில் சேர்வது ஒரு கைப்பிடித் தகவல்தான். அதற்கே ஒரு கப்பலை நடுக்கடலுக்கு அனுப்ப வேண்டும். 28,800 மிதவைகளை ஒரே இடத்தில், ஒரே நாளில் கொட்டிப் பார்க்க எந்த ஆய்வு நிறுவனமும் பணம் ஒதுக்காது; கடலில் குப்பை போட அனுமதியும் கிடைக்காது. புயல் அதைச் செய்துவிட்டது. விழுந்த இடமும் நாளும் கப்பலின் பதிவேட்டில் இருந்தன.

அந்தப் பதிவேட்டைத் தேடிப் போனவர் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த கடலியலாளர் கர்ட்டிஸ் எப்ஸ்மேயர். இந்தப் பாதையில் அவருக்கு ஏற்கெனவே ஓராண்டுப் பழக்கம் இருந்தது. 1990 மே 27 அன்று, கொரியாவிலிருந்து அமெரிக்கா சென்ற 'ஹன்சா கேரியர்' கப்பலிலிருந்து 21 கண்டெய்னர்கள் வட பசிபிக்கில் விழுந்தன. அவற்றுள் ஐந்தில் நைக்கி விளையாட்டு ஷூக்கள், ஏறத்தாழ 80,000. அந்தக் குளிர்காலம் தொடங்கி வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களின் கடற்கரைகளிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் புத்தம் புதிய ஷூக்கள் ஒதுங்கின. ஜோடி ஜோடியாகக் கட்டப்படாததால் ஒற்றை ஒற்றையாகவே வந்தன. கடற்கரைவாசிகள் கூட்டம் கூட்டி, ஒருவரிடம் இருந்த இடது காலை இன்னொருவரிடம் இருந்த வலது காலோடு பொருத்தி, ஜோடி சேர்த்துக்கொண்டார்கள். உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறிய பிறகும் கழுவிக் காயவைத்தால் அணியக்கூடிய நிலையிலேயே அவை இருந்தன. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த எப்ஸ்மேயரின் தாயார், இது எப்படி நடந்தது என்று மகனிடம் கேட்டார். விடை தேடத் தொடங்கிய அவரால், ஷூவுக்குள் இருந்த எண்ணைக் கொண்டு, எந்த ஷூ எந்தக் கண்டெய்னரில் இருந்தது என்பதை நிறுவனத்தின் கணக்கில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. சீட்டு வைத்த பாட்டில் செய்யும் வேலையை ஷூவின் எண்ணே செய்தது.

மிதக்கும் பொருளைக் கடலோட்டம் இழுத்துச் செல்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். கடலில் மிதக்கும் எதன்மேலும் ஒரே நேரத்தில் மூன்று விசைகள் வேலை செய்கின்றன. நீரோட்டம் ஒன்று. நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் மோதி நேரடியாகத் தள்ளும் காற்று இன்னொன்று. மூன்றாவது அலை. அலை கடக்கும்போது நீர்த்துளி ஒரு வட்டத்தில் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறது என்று பள்ளிப் பாடம் சொல்லும். உண்மையில் அந்த வட்டம் முழுதாக மூடுவதில்லை. ஒவ்வோர் அலையிலும் துளி ஓரிம்மி முன்னே நகர்ந்தே நிற்கிறது. நாள் முழுதும் ஓயாமல் அலையடிக்கும் கடலில் அந்த இம்மிகள் சேர்ந்து கிலோமீட்டர்கள் ஆகிவிடும். இதை 19ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டுக் காட்டியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

மூன்றில் எது வெல்லும் என்பது பொருளின் வடிவத்தைப் பொறுத்தது. ஷூ கிட்டத்தட்ட முழுதும் நீரில் அமிழ்ந்து மிதக்கும். அதன்மேல் காற்றுக்குப் பெரிய பிடி இல்லை. உள்ளே காற்றடைத்த வாத்தோ உடலின் பெரும்பகுதியை நீருக்கு வெளியே நிறுத்தி மிதக்கும். அதன் முதுகும் தலையும் ஒரு சிறு பாய்மரமாகவே வேலை செய்கின்றன. எனவே ஒரே இடத்தில் ஒரே நாளில் விழுந்தாலும் ஷூவும் வாத்தும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஷூ நீரோட்டத்தைக் காட்டும் கருவி. வாத்து நீரோட்டத்தோடு காற்றையும் கலந்து காட்டும் கருவி. இரண்டும் ஆய்வாளர் கையில் கிடைத்தது நல்வாய்ப்பு. காற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அதனால்தான் முடிந்தது.

காற்று நீரைத் தள்ளும் விதத்திலும் ஒரு விந்தை உண்டு. அதைக் கண்டறிந்த கதையும் கரை ஒதுங்கிய பொருள்களில்தான் தொடங்குகிறது. வட துருவத்தை நோக்கிப் புறப்பட்ட 'ஜீனெட்' என்னும் அமெரிக்கக் கப்பல் 1881 ஜூனில் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்றாண்டு கழித்து, 1884இல், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே ஒரு பனிப்பாளத்தின்மேல் சில பொருள்கள் கிடந்தன. மாலுமி ஒருவரின் பெயர் எழுதிய எண்ணெய்த்துணிக் கால்சட்டையும் அவற்றில் ஒன்று. அந்தப் பெயர் ஜீனெட் கப்பலின் ஊழியர் பட்டியலில் இருந்தது. சைபீரியாவில் தொலைந்த கால்சட்டை கிரீன்லாந்துக்கு எப்படி வந்தது? நார்வேயின் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் பத்திரிகையில் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விடை சொன்னது: ஆர்க்டிக் கடல் முழுவதையும் குறுக்காகக் கடந்து செல்லும் ஓர் ஓட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் அப்போது 23 வயது இளைஞரான ஃபிரிட்யோஃப் நான்சென்.

கால்சட்டை போன வழியில் கப்பலும் போகலாம் என்று நான்சென் துணிந்தார். பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்படி அடிப்பகுதி உருண்டையான 'ஃபிராம்' என்னும் கப்பலைக் காலின் ஆர்ச்சர் அவருக்காக வடிவமைத்தார். துருவப் பயணத்தில் அனுபவம் மிக்கவர்கள் பலர் இதைத் தற்கொலை முயற்சி என்றே கருதினர். கிரீன்லாந்தில் கிடைத்தவை ஜீனெட்டின் பொருள்கள்தானா என்றும் ஐயம் எழுப்பினர். 1893 செப்டம்பரில் சைபீரியாவுக்கு வடக்கே ஃபிராம் வேண்டுமென்றே பனியில் உறைய விடப்பட்டது. ஏறத்தாழ மூன்றாண்டு பனியோடு நகர்ந்து, 1896 ஆகஸ்டில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே சேதமின்றி வெளிவந்தது. ஒரு கால்சட்டையின் சாட்சியத்தை நம்பி நடத்திய இந்தப் பயணம் அறிவியல் வரலாற்றின் மிகத் துணிச்சலான பயணங்களில் ஒன்று.

பனியோடு நகர்ந்துகொண்டிருந்தபோது நான்சென் ஒன்றைக் கவனித்தார். பனிப்பாளங்கள் காற்று வீசும் திசையில் நேராகப் போகவில்லை. எப்போதும் 20 முதல் 40 பாகை வலப்புறம் விலகியே போயின. பூமி சுழல்வதுதான் காரணம் என்று அவர் ஊகித்தார். அதைக் கணிதமாக்கும் வேலை வில்ஹெம் பியெர்க்னெஸ் வழியாக அவருடைய மாணவர் வேகன் வால்ஃப்ரிட் எக்மனிடம் போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எக்மன் வெளியிட்ட விடை இன்றும் கடலியலின் அடிப்படைப் பாடம். வட அரைக்கோளத்தில் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறம் விலகி ஓடும். கீழே இருக்கும் நீர்ப்படலத்தை மேலே இருக்கும் படலம் இழுப்பதால், ஆழம் கூடக்கூட விலகலும் கூடும், வேகம் குறையும். மேலிருந்து கீழ்வரை எல்லாப் படலங்களையும் கூட்டிப் பார்த்தால், நீரின் மொத்த நகர்வு காற்றின் திசைக்குச் செங்குத்தாக வலப்புறம் இருக்கும். தென் அரைக்கோளத்தில் இதெல்லாம் இடப்புறமாக மாறும்.

பசிபிக்கின் பொம்மைகளுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. பெருங்கடல்களில் காற்று வட்டமாகச் சுற்றி வீசுவதால் நீரும் பெரும் சுழல்களாகச் சுற்றுகிறது. வட பசிபிக்கில் கலிஃபோர்னியா முதல் ஜப்பான் வரை விரிந்த தென்பகுதிச் சுழல் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறது. சுழற்சிக்கு வலப்புறம் என்றால் அங்கே நடுப்பக்கம். ஆகவே எக்மன் சொன்ன நகர்வு மேற்பரப்பு நீரை நடுவில் கொண்டுபோய்க் குவிக்கிறது. நீர் கீழே இறங்க, மிதக்கும் குப்பை மட்டும் மேலேயே தங்கிவிடுகிறது. 1997இல் ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே படகில் வந்த சார்லஸ் மூர் கண்டு திகைத்த பிளாஸ்டிக் பரப்பு இப்படி உருவானதுதான். எவர் லாரலின் பெட்டி விழுந்த இடமோ இதற்கு வடக்கே, இரு சுழல்களின் எல்லைக்கு அருகில். பொம்மைகளில் பல வடக்குச் சுழலுக்குள் போயின. அது எதிர்த் திசையில், இடஞ்சுழியாகச் சுற்றுவது. அங்கே வலப்புறம் என்றால் வெளிப்பக்கம். உள்ளே வந்ததை அது மெல்ல மெல்ல வெளியே, கரையை நோக்கித் தள்ளுகிறது. அலாஸ்காவின் கரைகளில் அத்தனை பொம்மைகள் ஒதுங்கியதற்கு இதுவும் காரணம்.

எப்ஸ்மேயருக்குத் துணையாக இருந்தவர் ஜேம்ஸ் இங்கிரஹாம். சால்மன் மீன்களின் இடப்பெயர்ச்சியை ஆராய்வதற்காக அவர் ஒரு கணினி மாதிரியை உருவாக்கியிருந்தார். பழைய வானிலைப் பதிவுகளிலிருந்து அன்றன்றைய காற்றைக் கணக்கிட்டு, அந்தக் காற்றில் மேற்பரப்பு நீர் எங்கே போயிருக்கும் என்று அது நாள்நாளாக வரைந்துகாட்டும். ஷூக்கள் விழுந்த இடத்தையும் நாளையும் கொடுத்தபோது அது காட்டிய பாதை உண்மையில் ஷூ ஒதுங்கிய கரைகளுக்கு வந்து முடிந்தது. பொம்மைகளுக்கு அதே கணக்கைப் போட்டபோது காற்றின் பங்கைக் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டியதும் பாதை சிட்காவுக்கு வந்தது. இதே மாதிரியில் புறப்படும் ஆண்டை மட்டும் மாற்றிப் பார்த்தபோது தெரிந்த செய்தி இன்னும் முக்கியமானது. ஒரே இடத்தில் விழுந்தாலும், விழும் ஆண்டு வேறானால் பொருள் சேரும் கரையும் வேறாகிவிடுகிறது. வரைபடத்தில் அழுத்தமான அம்புக்குறிகளாகப் போடப்படும் கடலோட்டங்கள் நீண்டகாலச் சராசரிகள். ஒரு குறிப்பிட்ட ஆண்டின் கடல் அந்த அம்புக்குறிகளுக்குக் கட்டுப்படுவதில்லை.

பொம்மைகளின் பயணம் முதல் பத்து மாதத்தில் நாளுக்கு ஏறத்தாழ 10 கி.மீ. வீதம் நடந்திருக்கிறது. மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. தவழும் குழந்தை அதைவிட விரைவாகப் போகும். கிடைத்த 400 என்பது மொத்தத்தில் 1.4 விழுக்காடு, பாட்டில் சோதனைகளில் வழக்கமாகத் திரும்பும் அளவே. ஆனால் அந்த விகிதத்தைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கியதால் 400 புள்ளிகள் கிடைத்தன. பின்னர் வந்த ஆண்டுகளிலும் சிட்கா பக்கத்துக் கடற்கரைவாசிகள் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எல்லா ஆண்டும் ஒரே அளவில் அல்ல. சில ஆண்டுகள் விட்டுவிட்டு வரவு கூடியது. கரையில் ஒதுங்காமல் தப்பியவை வடக்குச் சுழலை ஒருமுறை சுற்றிவிட்டு மறுபடி வருகின்றன என்று எப்ஸ்மேயர் விளக்கினார். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு. கடற்சுழல் ஒன்று தன்னைச் சுற்றிவர எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதை மனிதர்கள் கரையில் நின்று பொம்மை பொறுக்கியே கணக்கிட்டார்கள் என்பது வியக்க வைக்கும் செய்தி.

சுழலிலிருந்து நழுவி பெரிங் நீரிணை வழியே ஆர்க்டிக்குக்குள் போனவை பனியில் உறைந்து, ஃபிராம் போன வழியிலேயே அட்லாண்டிக்குக்கு வரக்கூடும் என்ற கணிப்பும் எழுந்தது. பொம்மைகளை விற்ற நிறுவனம் 2003இல், நியூ இங்கிலாந்து, கனடா, ஐஸ்லாந்து கரைகளில் அவற்றைக் கண்டெடுப்பவர்களுக்கு 100 டாலர் சேமிப்புப் பத்திரம் தருவதாக அறிவித்தது. 2007இல் பிரிட்டனுக்கு வாத்துப்படை வரப்போகிறது என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. டெவன் கடற்கரையில் ஒரு வாத்தும் கிடைத்தது. சரிபார்த்ததில் அது வேறு வாத்து என்று தெரியவந்தது. கப்பலிலிருந்து விழுந்த ஒவ்வொரு பொம்மையிலும் நிறுவனத்தின் பெயர் அச்சில் வார்க்கப்பட்டிருந்தது. வெயிலில் வாத்தும் பீவரும் வெளுத்து வெண்மையாகிவிட்டன, ஆமையும் தவளையும் நிறத்தைப் பெரிதும் காத்துக்கொண்டன. எனவே கரையில் பளிச்சென்ற மஞ்சள் வாத்து கிடைத்தால், ஆண்டுக்கணக்கில் கடலில் அலைந்தது அதுவல்ல என்று சொல்லிவிடலாம். அட்லாண்டிக் பயணம் நடக்கக்கூடியது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டவை பசிபிக் கரைகளில் கிடைத்தவையே. துணுக்குச் செய்திகளில் இந்த வேறுபாடு அடிக்கடி காணாமல் போகிறது, அது வருந்தத்தக்கது.

ஷூ விஷயத்தில் இன்னொரு புதிர் வட கடலில் அவிழ்ந்தது. நெதர்லாந்தின் டெக்செல் தீவில் ஒதுங்கும் ஷூக்களை எண்ணிப் பார்த்தபோது இடது கால் ஷூக்களே மிகுதியாக இருந்தன. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் எண்ணியபோது வலது கால் மிகுந்திருந்தது. இதற்கு மாயமோ மர்மமோ தேவையில்லை. இடது ஷூவும் வலது ஷூவும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். பாதத்தின் வளைவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப, காற்று மோதும்போது ஒன்று காற்றின் திசைக்குச் சற்று இடமாகவும் மற்றது சற்று வலமாகவும் சாய்ந்து நகர்கிறது. சிறு சாய்வுதான். ஆனால் பல நூறு கிலோமீட்டர் தூரத்தில் அது விரிந்து, ஜோடியின் இரு பாதிகளையும் இரு நாடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

எல்லாம் மிதப்பதும் இல்லை. 1997 பிப்ரவரி 13 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே ஒரு பேரலை தாக்கி, 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' கப்பலிலிருந்து 62 கண்டெய்னர்கள் விழுந்தன. அவற்றில் ஒன்றுக்குள் 47 லட்சத்துக்கும் மேற்பட்ட லெகோ துண்டுகள் நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுள் பல கடல் சார்ந்த பொம்மைத் துண்டுகளாக அமைந்தது தற்செயல்: நீச்சல் வீரர்களின் துடுப்புக்கால்கள், ஆக்டோபஸ்கள், உயிர்காப்புப் படகுகள், முக்குளிப்போர் முதுகில் சுமக்கும் காற்றுக் குடுவைகள். லெகோ செய்யப்படும் பிளாஸ்டிக் கடல்நீரைவிடச் சற்றே கனமானது. எனவே காற்று அடைபட்டிருந்த துண்டுகளும் இலேசான வேறு பொருளில் செய்தவையும் மிதந்து கரை சேர்ந்தன. மற்றவை கடலடிக்குப் போயின. இன்றும் கார்ன்வால் கரைகளில் புயலுக்குப் பிறகு துண்டுகள் கிடைக்கின்றன. மீன்பிடி வலைகளும் அடித்தளத்திலிருந்து அள்ளி வருகின்றன. 2024இல்தான் அந்தச் சரக்கைச் சேர்ந்த லெகோ சுறா முதன்முதலாக ஒரு மீனவரின் வலையில் கிடைத்தது. டிரேசி வில்லியம்ஸ் என்னும் கடற்கரைவாசி இந்தக் கண்டெடுப்புகளையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பதிவுசெய்து வந்திருக்கிறார். அந்தப் பதிவேடு ஓர் ஆய்வகத்தின் குறிப்பேட்டுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல், கடலில் தேய்ந்த பழைய லெகோ துண்டுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, ஒரு துண்டு அழிய 100 முதல் 1,300 ஆண்டுகள்வரை ஆகலாம் என்று மதிப்பிட்டனர். சிரிப்பூட்டும் செய்தியின் மறுபக்கம் இது.

பிரான்ஸின் பிரிட்டனிக் கரையில் 1980களிலிருந்து கார்ஃபீல்டு பூனை வடிவிலான தொலைபேசிகளும் அவற்றின் உடைந்த பாகங்களும் ஓயாமல் ஒதுங்கி வந்தன. ஒரே முறை கொட்டிய சரக்கு முப்பதாண்டுக்கு மேல் எப்படித் தீராமல் வரும் என்பது கேள்வி. 2019இல் விடை கிடைத்தது. நீர் வற்றும்போது மட்டுமே உள்ளே போகக்கூடிய ஒரு கடற்குகைக்குள் கண்டெய்னரின் எச்சம் சிக்கியிருந்தது. உள்ளூர் விவசாயி ஒருவர் இளவயதில் பார்த்ததை நினைவுகூர்ந்து வழிகாட்டினார். கடலோட்டம் அந்தத் தொலைபேசிகளைத் தொலைவிலிருந்து கொண்டுவரவே இல்லை. குகை அவற்றைச் சிறிது சிறிதாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

பாட்டில்களின் காலமும் முற்றாக முடிந்துவிடவில்லை. அவை இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் கடல் ஆய்வகத்துக்காக 1886 ஜூன் 12 அன்று 'பவுலா' என்னும் கப்பலிலிருந்து இந்தியப் பெருங்கடலில் எறிந்த பாட்டில் 2018இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் கிடைத்தது. அதனுள் இருந்த சீட்டைக் கப்பல் தலைவரின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டபோது நாளும் இடமும் பொருந்தின. பிளிமத்தின் கடல் உயிரியல் கழகத்துக்காக 1904-06 ஆண்டுகளில் ஜார்ஜ் பார்க்கர் பிடர் விட்ட 1,020 பாட்டில்களில் ஒன்று 2015இல் ஜெர்மனியின் ஆம்ரம் தீவில் கிடைத்தது. அவருடைய பாட்டில்கள் தனி வகை: எடையும் கம்பியும் சேர்த்து, கடலடிக்குச் சற்று மேலே நகரும்படி அமைத்தவை. மீனவர்களின் இழுவலைகளில் அவை திரளாகக் கிடைத்ததால், வட கடலின் அடிநீர் எத்திசையில் ஓடுகிறது என்று தெரிந்தது. சீட்டை அனுப்புவோருக்கு ஒரு ஷில்லிங் என்று அதில் எழுதியிருந்தது. நூறாண்டு கடந்த பிறகும் கழகம் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தைத் தேடி வாங்கி, கண்டெடுத்தவருக்கு அனுப்பி வாக்கைக் காத்தது.

இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது செயற்கைக்கோளோடு பேசும் மிதவைகள். உலகக் கடல்களில் எந்நேரமும் 1,000க்கும் மேற்பட்ட மிதவைகள் தங்கள் இடத்தை அறிவித்தபடி நகர்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் 15 மீட்டர் ஆழத்தை மையமாகக் கொண்டு ஒரு நீண்ட துணிக்குழல் தொங்குகிறது. நீருக்குள் அதன் பிடி பெரிது. அதனால் மேலே வீசும் காற்று மிதவையைத் தன் விருப்பத்துக்குத் தள்ள முடியாது. வாத்துக்கும் ஷூவுக்கும் இடையில் கண்ட வேறுபாடே இந்த ஏற்பாட்டுக்கும் அடிப்படை. ஆனால் கடலில் தொலைந்த படகையோ மனிதரையோ தேடும்போது துணிக்குழல் இல்லாத பொருளின் போக்குத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. அங்கே பொம்மைக் கணக்கே கைகொடுக்கிறது. 2014 மார்ச் 8 அன்று காணாமல்போன எம்.எச். 370 விமானத்தின் இறக்கைப் பாகம் ஒன்று அடுத்த ஆண்டு ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே வகைப் பாகம் ஒன்றைத் தேடிப் பெற்று, கிடைத்த துண்டின் வடிவத்துக்கு வெட்டிக் கடலில் விட்டு, காற்று அதை எவ்வளவு வேகமாகவும் எப்பக்கம் சாய்த்தும் தள்ளுகிறது என்று அளந்தார்கள். அந்த அளவைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு, விமானம் விழுந்திருக்கக்கூடிய பரப்பைக் குறுக்கினார்கள். விமானம் இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் ஷூக்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த கடற்கரைகளில் தொடங்கிய கணக்கு எவ்வளவு கனமான கேள்விவரை வந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

தமிழ்க் கரைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. பசிபிக்கின் சுழல்கள் ஆண்டு முழுதும் ஒரே திசையில் சுற்றுகின்றன. இந்தியாவின் இரு கரைகளையும் ஒட்டிய நீரோட்டமோ பருவக்காற்றோடு திசை மாறுகிறது. கிழக்குக் கரையில் ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கி ஓடும் நீர், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் தெற்கே திரும்புகிறது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது நீர் தெற்கே போகிறது. 2022 மே மாதத்தில் அசானி புயலின்போது ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் கரையில் பொன்னிறத் தேர் போன்ற மிதவை ஒன்று ஒதுங்கி, நாடெங்கும் செய்தியானது. தென்கிழக்காசியப் பௌத்தக் கோயில் பாணியில் இருந்த அது வங்கக் கடலின் மறுகரையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது.

2021 மே, ஜூனில் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கலந்தன. பயறு அளவிலான இந்தக் குருணைகள்தான் பிளாஸ்டிக் பொருள்கள் வார்ப்பதற்கான மூலப்பொருள். இலங்கையின் மேற்குக் கரை மணலில் அவை வெண்படலமாகப் படிந்தன. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியபோதும் இதே சரக்கு சிதறியது. அப்போது தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டிருந்தது. கரையை ஒட்டிய நீர் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. கொல்லம், திருவனந்தபுரம் எனக் கரை ஒதுங்கியபடியே வந்த குருணைகள் சில நாள்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைகளையும் எட்டின. அதே கப்பல் ஆறு மாதம் கழித்து, வடக்கே நீரோடும் காலத்தில் மூழ்கியிருந்தால் துடைப்பமும் சல்லடையும் எடுத்துக் கரைக்கு வந்திருக்க வேண்டியவர்கள் வேறு மாவட்டத்தார்.